பௌதிகம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எந்தக் கதவு?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதத்தில் தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எதில் சேர்ப்பது? பணத்தை எங்கே புரட்டுவது? பத்திரிகைகளைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கல்லூரி விளம்பரங்கள். டவுன் பஸ்ஸின் முதுகில்கூட வேலை உத்தரவாத வாசகங்கள். இந்தச் சந்தை இரைச்சலில் ஒரு சிறு பகுதி மாணவர்களின் குரல் அமுங்கிப் போகிறது. பௌதிகம் (இன்றைய பாடப் புத்தகம் இதை இயற்பியல் என்கிறது) மனதுக்குப் பிடித்துப் போய், அதையே மேலே படிக்க வேண்டும் என்று விரும்புகிற பிள்ளைகளின் குரல் அது.

விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் என்று வைத்துக் கொள்வோம். சர்க்கார் பள்ளியில் தமிழில் படித்தவள். பௌதிகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கியிருக்கிறாள். "பிஸிக்ஸ் படிக்கிறேன், அப்பா" என்கிறாள். அப்பா என்ன செய்வார்? தெரிந்தவர்களிடம் யோசனை கேட்பார். "பிஸிக்ஸ் படிச்சு என்னங்க பண்றது? இஞ்சினீயரிங்ல சேர்த்து விடுங்க" என்பார் ஒருவர். "பக்கத்துல கவர்ன்மென்ட் காலேஜ் இருக்குது. கல்யாணம் ஆகிற வரைக்கும் ஏதோ ஒரு பி.எஸ்ஸி. படிக்கட்டும்" என்பார் இன்னொருவர். முதல் பதில் பயத்திலிருந்து வருவது. இரண்டாவது அலட்சியத்திலிருந்து வருவது. பௌதிகம் படிக்க என்னென்ன வழிகள் உண்டு, எந்த வழிக்கு என்ன செலவு, முடிவில் எங்கே கொண்டு போய் விடும் என்பதை அந்தத் தகப்பனாருக்கு இருவருமே சொல்லவில்லை. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களுக்கும் யாரும் சொன்னதில்லை.

நாம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: மே மாதத்தில் யோசிக்கத் தொடங்குகிறவருக்குப் பாதிக் கதவுகள் ஏற்கெனவே அடைபட்டு விட்டன.

மத்திய சர்க்கார் 2006ம் ஆண்டிலிருந்து விஞ்ஞானப் படிப்புக்கென்றே ஏழு கல்வி நிலையங்களை ஏற்படுத்தியிருக்கிறது. ஐசர் என்று பெயர். புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்து வருஷம் படித்து பி.எஸ்., எம்.எஸ். என்ற இரண்டு பட்டங்களோடு வெளியே வரலாம். ஆரம்பத்தில் பொதுவாக எல்லா விஞ்ஞானப் பாடங்களையும் படித்துவிட்டு, பிறகு தன் பாடத்தைத் தேர்ந்து கொள்ளலாம். பௌதிகமா கணிதமா என்று தடுமாறுகிற பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம். 2024லிருந்து இதில் சேர ஒரே வழிதான்: ஐசர் நடத்தும் நுழைவுப் பரீட்சை. மூன்று மணி நேரம், அறுபது கேள்விகள். பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் பதினைந்து. சரியான விடைக்கு நான்கு மார்க். தப்பான விடைக்கு ஒரு மார்க் பிடித்துக் கொள்வார்கள்.

புவனேஸ்வரத்தில் அணுசக்தி இலாகாவின் கீழ் நைசர் என்ற கல்வி நிலையம் இருக்கிறது. அதற்கும், மும்பைப் பல்கலைக் கழகமும் அணுசக்தி இலாகாவும் சேர்ந்து நடத்தும் மையத்துக்கும் சேர்த்து நெஸ்ட் என்று ஒரு பரீட்சை. அதில் நான்கு பாடங்களில் நன்றாகச் செய்த மூன்றை மட்டுமே தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் படித்து உயிரியலைத் தொடாத பிள்ளை இதைக் கவனிக்க வேண்டும். பெங்களூரில் 1909ல் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம், 2011 முதல் நான்கு வருஷப் பட்டப் படிப்பு நடத்தி வருகிறது. ஐசர் பரீட்சை மார்க்கை வைத்தும் அதில் இடம் கேட்கலாம். நம் சென்னைக்குப் பக்கத்தில், சிறுசேரியில், சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. கணிதமும் பௌதிகமும் சேர்ந்த மூன்று வருஷ ஹானர்ஸ் பி.எஸ்ஸி. அங்கே உண்டு. இடங்கள் குறைவு, நுழைவுப் பரீட்சை கடினம், ஆனால் கணிதத்தில் மெய்யான பிடிப்பு உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் தென்னாட்டில் அதிகமில்லை. இவை தவிர ஐ.ஐ.டி.க்களில் பௌதிகமும் இஞ்சினீயரிங் பிஸிக்ஸும் இருக்கின்றன. அவற்றுக்கு ஜே.இ.இ. பரீட்சையின் இரண்டு படிகளையும் தாண்ட வேண்டும்.

இந்த மனுக்களெல்லாம் எப்போது போட வேண்டும்? ஐசருக்கு அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் மனு வாங்கத் தொடங்கி ஏப்ரலில் முடித்து விடுகிறார்கள். கணிதக் கழகத்தின் கெடுவும் ஏறக்குறைய அதே காலம்தான். ஜே.இ.இ.யின் முதல் சுற்றோ ஜனவரியிலேயே நடந்து விடுகிறது. அதற்கு மனு முந்திய ஆண்டின் இறுதியில். அதாவது, பிள்ளை பொதுப் பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்துக் கொண்டிருக்கும் அதே நாட்களில் இந்தக் காரியமும் நடக்க வேண்டும். பெரிய உத்தியோகஸ்தர் வீட்டிலும், லட்சக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பும் வீட்டிலும் இது நடக்கிறது. அங்கே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பஞ்சாங்கம் எழுதி விடுகிறார்கள். விசைத்தறித் தொழிலாளியின் மகளுக்கு இந்தப் பரீட்சைகளின் பெயரே பரீட்சை முடிந்த பிறகுதான் காதில் விழுகிறது. இதைத் திறமையில் போட்டி என்கிறார்கள்! தகவலில் நடக்கும் போட்டி இது. அதில் ஒரு தரப்பார் ஓடத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு தரப்பாருக்குப் பந்தயம் நடப்பதே தெரிகிறது.

தமிழ்நாட்டு சர்க்கார் 2022ல் 'நான் முதல்வன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கார் பள்ளிகளில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்து ஐ.ஐ.டி., இந்திய விஞ்ஞானக் கழகம் போன்ற நிலையங்களில் இடம் பெறும் மாணவர்களின் பட்டப் படிப்புச் செலவைத் தானே ஏற்பதாக அதே ஆண்டில் அறிவித்தது. மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஐ.ஐ.டி.க்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். இவற்றை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் 'கல்லூரிக் கனவு' என்ற பெயரில் ஜில்லாதோறும் நடத்திய யோசனைக் கூட்டங்கள் பெரும்பாலும் பொதுப் பரீட்சை முடிந்த பிறகே நடந்தன. ரயில் போன பிறகு டிக்கெட் கொடுத்து என்ன லாபம்?

பாஷை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஜே.இ.இ.யின் முதல் படியை 2021லிருந்து தமிழில் எழுதலாம். இரண்டாவது படி இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டுமே. முதல் படியைத் தமிழில் தாண்டிய பிள்ளை இரண்டாவது படிக்கு வந்ததும் தமிழை மறந்துவிட வேண்டும் என்பது என்ன நியாயம்? பௌதிகத்தில் ஒரு கணக்கின் நிபந்தனையைத் தப்பாகப் புரிந்து கொண்டால் கணக்கே போய்விடும். பாஷையில் தடுக்கி விழுந்தவனைப் பௌதிகம் தெரியாதவன் என்று முத்திரை குத்துகிறார்கள்.

சரி, மனுப் போடத் தவறிவிட்டது, அல்லது எழுதியும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பௌதிகம் முடிந்து போயிற்றா? இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோர் பலருக்கு இது தெரியவே தெரியாது. சர்க்கார் கலைக் கல்லூரியில் மூன்று வருஷம் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, ஜாம் என்ற பரீட்சை எழுதி, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம். ஐ.ஐ.டி.க்களில் மட்டும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 3,000 இடங்கள் இப்படி நிரப்பப்படுகின்றன. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம்.எஸ்ஸி.யும் டாக்டர் பட்டமும் சேர்ந்த படிப்புக்கும் இதே பரீட்சைதான் வாசல். சென்னைத் தரமணியில் 1962ல் ஏற்பட்ட கணித விஞ்ஞான நிலையத்தின் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஜெஸ்ட் என்று வேறொரு பரீட்சை. பதினேழு வயதில் அடைத்த கதவு இருபது வயதில் மறுபடி திறக்கிறது. இந்தப் பரீட்சைகளில் எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்பதில்லை. கணக்கைப் போடத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

மொபசல் கல்லூரி என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ராமனோடு சேர்ந்து ஒளிச் சிதறல் ஆராய்ச்சி செய்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னைக்கும், பிறகு 1920ல் கல்கத்தாவுக்கும் போனார். வான நட்சத்திரங்களின் ஒளியை அணுவின் கணக்கால் விளக்கிய மேகநாத சாகா, டாக்கா ஜில்லாவின் ஒரு கிராமத்தில் மளிகைக் கடைக்காரர் மகன். 1905ல் வங்கப் பிரிவினையை எதிர்த்த கிளர்ச்சியில் கலந்து கொண்டதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பின்னாளில், 1952 தேர்தலில் காங்கிரஸ் அபேட்சகரை எதிர்த்து நின்று பாராளுமன்றத்துக்குப் போனவரும் அவரே.

ஆனால் உண்மையை மறைத்து யோசனை சொல்லக் கூடாது. ஜாம் வழி திறந்திருக்கிறது என்பது வேறு. சர்க்கார் கல்லூரியில் சும்மா மூன்று வருஷம் உட்கார்ந்து வந்தால் அந்த வழியில் போகலாம் என்பது வேறு. நம் பல்கலைக் கழகப் பரீட்சைகள் பெரும்பாலும் பாடத்தை மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு மார்க் போடுகின்றன. ஜாம் பரீட்சையோ கணக்குப் போடச் சொல்கிறது. முதல் வருஷத்தின் முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்திலும் கணக்குகளைப் போட்டுப் பழகினால்தான் மூன்றாம் வருஷத்தில் கை ஓடும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. சோவியத் நாட்டின் மீர் பதிப்பகம் வெளியிட்ட புத்தகங்களை நம் கடைகளில் சொற்ப விலைக்கு வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பெரல்மானின் பொழுதுபோக்குப் பௌதிகம் தமிழிலேயே வந்தது. இரோடவின் கணக்குப் புத்தகத்தை உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் வாங்கிப் படிக்கட்டும் என்றுதான் மலிவாகப் போட்டார்கள். இன்று லட்ச ரூபாய் வாங்கும் பயிற்சி நிலையங்கள் அதே புத்தகத்தை வேதமாக வைத்துக் கொண்டிருக்கின்றன! பழைய புத்தகக் கடையில் தேடினால் இன்றும் கிடைக்கும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகளை இன்டர்நெட்டில் காசில்லாமல் கேட்கலாம். இங்கிலீஷ் முதலில் மிரட்டும். ஒரே விரிவுரையை மூன்று தடவை கேட்டால் மிரட்டாது.

எந்தக் கல்லூரியைத் தேர்ந்து கொள்வது? கட்டிடத்தையும் வாசல் வளைவையும் பார்த்து அல்ல. சேருவதற்கு முன் ஒரு நாள் கல்லூரிக்கு நேரில் போய், பௌதிக இலாகாவில் இரண்டாம் வருஷம் படிக்கும் பிள்ளைகளிடம் பேச வேண்டும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? சோதனைச்சாலையில் கருவியைக் கையில் எடுத்து அளந்து பார்க்க விடுகிறார்களா, அல்லது போன வருஷத்து நோட்டிலிருந்து எண்களைப் பார்த்து எழுதச் சொல்கிறார்களா? துணைப் பாடமாகக் கணிதம் எத்தனை வருஷம்? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். கணிதம் இல்லாத பௌதிகம் நீரில்லாத வயல். ஆகாயம், கருந்துளை, ராக்கெட் என்று படம் பார்த்து ஆசைப்பட்டவன், முதல் வருஷத்தில் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் எதிரே வந்து நிற்கும்போது திகைத்துப் போகிறான். ஆகவே பெற்றோர் பிள்ளையிடம் கேட்க வேண்டியது "பௌதிகம் பிடிக்குமா?" என்று அல்ல. "விடை வராத கணக்கோடு ஒரு ராத்திரி முழுவதும் மல்லுக் கட்டியிருக்கிறாயா? அதில் உனக்கு அலுப்பு வந்ததா, பிடிவாதம் வந்ததா?" என்று கேட்கட்டும்.

பட்டத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். இன்று தனியார் கல்லூரிகள் நாளொரு பெயரில் பட்டங்களை விற்கின்றன. பெயர் நவநாகரிகமாக இருக்கும். ஆனால் ஆசிரியர் வேலைக்கு மனுப் போடும்போது, இது பி.எஸ்ஸி. பௌதிகத்துக்குச் சமமானது என்று சர்க்கார் உத்தரவு இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் மூன்று வருஷப் படிப்போடு சேர்ந்து வேலையும் போயிற்று. சந்தேகமானால் நேரான பெயருள்ள பட்டத்தையே எடுப்பது உத்தமம்.

இனி சோற்றுப் பிரச்னை. பி.எஸ்ஸி. பட்டத்தோடு நிற்பவனுக்குப் பௌதிகம் வயிறாரப் போடும் என்று நாம் சொல்லப் போவதில்லை. வானிலை இலாகா, அணுசக்தி இலாகாவின் பயிற்சி வேலைகள், சர்வீஸ் கமிஷன் பரீட்சைகள், பாங்குகள் ஆகியவற்றுக்கு மனுப் போடலாம். ஒவ்வொன்றிலும் கூட்டம் நெருக்குகிறது. பி.எட். சேர்த்துப் படித்தால் பள்ளி ஆசிரியர் ஆகலாம். பலர் அறியாத ஒரு துறை மருத்துவப் பௌதிகம். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளில் கதிர் அளவைக் கணக்கிடவும் பாதுகாப்பைக் கவனிக்கவும் தகுதி பெற்றவர்கள் இருந்தாக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்கு வாரியத்தின் விதி. அந்த எம்.எஸ்ஸி.க்குப் பி.எஸ்ஸி. பௌதிகமே அடிப்படை. இஞ்சினீயரிங் மேல் ஆசை திரும்பினால், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்ஸி.க்காரர் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேர இடம் இருக்கிறது. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகப் பட்டம் பெற்ற பிறகுதான் குரோம்பேட்டைக்குப் போய் விமான இஞ்சினீயரிங் படித்தார்.

ஆராய்ச்சி செய்ய விரும்புகிற பிள்ளையின் வீட்டில் ஒரு கணக்கை வெளிப்படையாகப் போட வேண்டும். பி.எஸ்ஸி. மூன்று வருஷம், எம்.எஸ்ஸி. இரண்டு, டாக்டர் பட்டம் ஏறக்குறைய ஐந்து. ஆகப் பத்து வருஷம்! கேட்டவுடன் தகப்பனாருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் இந்தப் பத்து வருஷமும் அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. நெட் பரீட்சையில் தேறி ஆராய்ச்சி உதவித் தொகை பெறுகிறவருக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். பாதி வழிக்கு மேல் பிள்ளை தன் காலில் நிற்கிறது. வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடியும். ராமன் 1907ல் எம்.ஏ. முடித்தபோது இந்த நாட்டில் விஞ்ஞானிக்கு வேலை கிடையாது. நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக் கொண்டே பத்து வருஷம், ஓய்வு நேரத்தில் கல்கத்தா பௌபஜாரின் சோதனைச்சாலையில் ஆராய்ச்சி செய்தார். அந்த நிலை இன்று இல்லை. உதவித் தொகை மாதா மாதம் ஒழுங்காக வருகிறதா என்று ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அதற்காக அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும் உண்டு.

இஞ்சினீயரிங் கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எதையாவது கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டுவதில் சந்தோஷப்படுகிற பிள்ளை இஞ்சினீயரிங்குக்குப் போகட்டும். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் இஞ்சினீயரிங்குக்கும் வந்தது. நல்ல சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடக் கூடாது. அங்கிருந்தும் பௌதிகத்துக்கு வரலாம். பிரிட்டனில் டிராக் 1921ல் எலெக்ட்ரிகல் இஞ்சினீயரிங் பட்டம் பெற்றார். யுத்தத்துக்குப் பின் வந்த மந்தத்தில் வேலை கிடைக்கவில்லை. பிரிஸ்டலிலேயே கட்டணமில்லாமல் கணிதம் படித்தார். 1933ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றார். நாம் எதிர்ப்பது வேறு. தமிழ்நாட்டில் நானூறுக்கு மேல் இஞ்சினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஆசிரியரும் இல்லாமல் ஆய்வுக்கூடமும் இல்லாமல் நடக்கும் ஒன்றில், மனமில்லாத பிள்ளையைக் கடன் வாங்கிச் சேர்த்து, நான்கு வருஷம் கழித்து கடனும் அரியர் பேப்பருமாக வீட்டுக்கு அழைத்து வருகிறார்களே, அதைத்தான். அந்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் அந்தப் பிள்ளை எம்.எஸ்ஸி. வரை பௌதிகம் படித்திருக்கும்.

பெண் பிள்ளையை வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி சென்னைப் பிரசிடென்ஸி கல்லூரியில் 1939ல் பட்டம் பெற்று, பெங்களூரில் ராமனின் சோதனைச்சாலையில் வைரங்களை ஆராய்ந்தவர். எம்.எஸ்ஸி. இல்லை என்ற காரணத்தைக் காட்டி, அவர் எழுதி முடித்த ஆராய்ச்சிக்குச் சென்னைச் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் மறுத்தது. அவர் வானிலை இலாகாவுக்குப் போய், இந்த நாட்டில் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். எண்பது வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் தனியாக வெளியூர் போய்ப் படித்திருக்கிறார். மேலே சொன்ன மத்திய நிலையங்களில் பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டு. தகப்பனார் ஒரு முறை கூடப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பக்கத்து ஊர்க் கல்லூரிதான் முடியும் என்றால், சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது ஆகும். ஆனால் பெண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதே போதும் என்று முன்கூட்டியே முடிவு கட்டி, அந்த முடிவுக்கு வறுமையின் பெயரை வைக்கக் கூடாது.

இவ்வளவும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும். சர்க்காருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கார் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் பெரும் பகுதியினரைக் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் வைத்திருந்தார்கள். பெயரில் மட்டும்தான் கௌரவம்! 2019ல் யு.ஜி.சி. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று நிர்ணயித்தது. அதற்குப் பிறகும் இங்கே பல ஆண்டுகள் 20,000, 25,000 என்றுதான் கொடுத்து வந்தார்கள். தன் அடுத்த வருஷ வேலையே நிச்சயமில்லாத ஆசிரியர், மாணவனை ஜாம் பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? காலியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள். சோதனைச்சாலைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள். ஐசர் பரீட்சைக்கு 2,000 ரூபாயும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆனால் 1,000 ரூபாயும் மனுக் கட்டணமாக வாங்கியிருக்கிறார்கள். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ராஜ்ய சர்க்காரே கட்டட்டும். மத்திய சர்க்கார் இந்தப் பரீட்சைகள் எல்லாவற்றையும் தமிழிலும் நடத்தட்டும்.

1966ல் பௌதிக விஞ்ஞானி கோத்தாரியின் தலைமையில் அமைந்த கமிஷன், தேசிய வருமானத்தில் ஆறு சதவீதம் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அறுபது வருஷம் ஆகியும் அந்த எண்ணை எட்டவில்லை. ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிட்டது 2020-21ல் தேசிய உற்பத்தியில் 0.64 சதவீதம். சந்திரனில் கலம் இறங்கும்போது கை தட்டுகிற மந்திரிகள், அடுத்த கலத்தைக் கணக்கிடப் போகும் பிள்ளை இப்போது எந்த ஊர்க் கல்லூரியில், ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

தமிழ்நாட்டிலேயே பௌதிகம் கண் முன்னால் நடக்கும் இடங்கள் பல. உதகையில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970லிருந்து இருக்கிறது. கொடைக்கானலில் சூரியனைக் கவனிக்கும் நிலையம் 1899ல் ஏற்பட்டது. ஜவ்வாது மலையில் காவலூர்; கடற்கரையில் கல்பாக்கம். பள்ளிச் சுற்றுலா என்றால் பூங்காவுக்கும் படகுச் சவாரிக்கும் அழைத்துப் போகிற ஆசிரியர்கள், அனுமதி வாங்கி இந்த இடங்களுக்கும் ஒரு முறை அழைத்துப் போகலாம். பதினோராம் வகுப்பில் அதைப் பார்த்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் யோசனைக்காக யாரையும் தேடி அலையாது.

இதில் நம் மாணவர், வாலிபர் தோழர்களுக்கும் வேலை உண்டு. ஜாம் பரீட்சைக்கு அண்மை ஆண்டுகளில் செப்டம்பரில் மனு வாங்கத் தொடங்குகிறார்கள், பரீட்சை பிப்ரவரியில். தங்கள் ஊர் சர்க்கார் கல்லூரியில் பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தோழர்கள் ஒரு முறை நேரில் போய் விசாரிக்கட்டும். தெரியாதவர்களின் பெயரை எழுதிக் கொண்டு, மனுப் போட்டு ரசீது கைக்கு வரும் வரை கூடவே போகட்டும். படிப்பகங்களின் பலகையில் சினிமா நோட்டீசுக்குப் பக்கத்தில், டிசம்பர் மாதத்திலேயே, ஐசர், நெஸ்ட், கணிதக் கழகம் ஆகியவற்றின் மனுத் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டட்டும். தேதி மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டட்டும்.